மூன்றில் நின்ற கைப்பிடி

ரீப்பர் கட்டையை இரண்டு கையாலும் ஓங்கி, அண்ணனின் வலது மணிக்கட்டில் அடித்தான் முத்திருளன். எலும்பு சடக்கென்று முறிந்தது. பிடி விடவில்லை.

"மெயினை அமத்துங்கடா! எவனாச்சும் மெயினை அமத்துங்கடா!"

சாரத்தின் மேல் நின்ற அண்ணன் காசிமாயன் கத்தவில்லை. அவனால் கத்த முடியவில்லை. இடது கை சுவரோரத்து இரும்புக் குழாயில் ஒட்டிக்கிடந்தது. வலது கை, மேலேயிருந்து தொங்கிய வயரை வாயருகே வைத்து நெரித்துக்கொண்டிருந்தது. வயரின் மேல்தோலை அவன் எப்போதும் பல்லால்தான் உரிப்பான். இப்போது பல் கிட்டிப்போய், உதட்டோரத்திலிருந்து நூல் மாதிரி புகை வந்தது. பலகையில் ஊன்றிய கால் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு துடித்தன.

இரண்டாவது அடி. அதற்கும் அசையவில்லை. அடுத்த அடியில் கை விட்டது. முப்பத்தைந்து வயசு உடம்பு மல்லாக்கச் சரிந்து, ஹால் ஊஞ்சல் பலகையின் முனையில் பின்மண்டை மோதித் தரையில் விழுந்தது. ஆள் இல்லாத ஊஞ்சல் கிரீச் கிரீச்சென்று ஆடத் தொடங்கியது.

முத்திருளன் கட்டையை வீசிவிட்டு நடைப்பக்கம் ஓடினான். அங்கே கரண்ட் போர்டின் கைப்பிடியைப் பிடித்தபடி, வீட்டுக்காரர் ராஜாராமின் மகன் துளசிராம் நின்றிருந்தான். முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை.

"அமத்திட்டேன்... இப்பத்தான் ஓடியாந்து அமத்தினேன்..."

"எதுல இருந்துச்சு?"

"மூணுல."

 மூணுல. அதில் வைத்தவன் முத்திருளன்தான்.

காமராஜர் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய காரை வீட்டில் ஒன்பது நாளாக வேலை. துளசிராம் பம்பாய் போனபோது ஒரு ஹோட்டல் விளக்குகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குள் ஹாலில் அதே மாதிரி வேண்டும். விளக்கு கூரைக்குள் புதைந்திருக்கணும், வெளிச்சம் மட்டும் கீழே விழணும். தேக்கு உத்தரத்துக்குக் கீழே மரச்சட்டம் அடித்து, அட்டை போர்த்தி, பிளாஸ்டர் பூசி, வட்ட வட்டமாகப் பன்னிரண்டு இடத்தில் அறுத்திருந்தார்கள். எண்பத்தாறாம் வருஷத்து மதுரையில் அந்த மாதிரி லைட்டுக்கு எந்தக் கடையில் போய் நிற்பது? காசிமாயன் செல்லூர்ச் சந்தில் ஒரு பட்டறையைப் பிடித்து, தகரத்தை உருட்டிப் பன்னிரண்டு டப்பா செய்து வாங்கி, உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தான். கை தேர்ந்த வேலைக்காரன்.

அந்த வீட்டுக்கு மூன்று லைன் வருகிறது. மாடிக்கு ஒன்றாம் நம்பர், அது தனி. கீழ் வீட்டுக்கு இரண்டாம் நம்பர். அதில் வோல்டேஜ் இறங்கிப் பல்பு அழுதால் கைப்பிடியைத் திருப்பி மூன்றுக்குப் போய்விடலாம். வெயில் காலம் வந்தால் பாதி மதுரை இப்படிக் கைப்பிடியைத் திருப்பித்தான் ஃபேன் காற்று வாங்கும். அன்று காலை காசிமாயன் கைப்பிடியை இரண்டில் வைத்தான். இரண்டாம் நம்பர் லைனின் ஃபியூஸ் கம்பி இருக்கும் பீங்கான் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "கேரியர் எங்கிட்ட இருக்கு. இந்தக் கைப்பிடியை மட்டும் எவனும் தொட்டுறாதீங்க" என்று வீட்டு ஆள்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சொன்னான்.

தம்பியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தான்.

பத்தரை மணிக்கு அண்ணன் கொல்லைப்பக்கம் டீ குடிக்கப் போனான். சுவரில் இரண்டு ஓட்டைதான் பாக்கி. ட்ரில்லுக்குக் கரண்ட் இல்லை. முத்திருளன் கைப்பிடியை மூன்றுக்குத் திருப்பினான். இரண்டு ஓட்டையும் போட்டு முடித்தபோது துளசிராம் பம்பாய் ஹோட்டல் போட்டோவோடு வந்தான். ஊஞ்சலுக்கு மேலே வரும் லைட்டை ஒரு அடி தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டான். அறுத்த ஓட்டையை எப்படிய்யா தள்ளுவது? அந்தப் பேச்சு வளர்ந்தது. கைப்பிடி மறந்துபோனது. அண்ணன் பின்வாசல் வழியாக வந்து, சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சாரத்தில் ஏறிவிட்டான்.

அவ்வளவுதான் நடந்தது.

ஏட்டையா வந்து கேட்டபோது, "எப்படி வந்துச்சுன்னு தெரியலைங்க" என்றான் முத்திருளன். 'அஜாக்கிரதை' என்று ஒரு வார்த்தை எழுதி, கீழே கையெழுத்துக் கேட்டார். போட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் பிணத்தை அறுத்துத் தைத்து வெளியே கொடுக்கப் பகல் பன்னிரண்டு மணி ஆனது. துணி மூட்டையை வாங்கிப் பிரித்தவன் விருமாண்டி. காசிமாயன் பெண்டாட்டி அன்னக்கொடிக்குக் கூடப்பிறந்தவன். லாரி செட்டில் மூட்டை ஏற்றுகிறவன். ஒவ்வொரு கையும் உலக்கை. சட்டைப்பையிலிருந்து பீங்கான் கேரியரை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான்.

"பாருங்கடா! எங்க மாப்ள லைனைப் பிடுங்கிட்டுத்தான் ஏறியிருக்காரு. அஜாக்கிரதையாம்ல அஜாக்கிரதை! அப்பக் கரண்ட் வானத்துல இருந்தா வந்துச்சு?"

அதே வீட்டு வேலையில் பிளாஸ்டர் பூசுகிற நல்லகாமன் கூட்டத்தில் நின்றான். அவனும் காசிமாயனின் ஊரான ஆனையூர்க்காரன்தான். பொய் சொல்லத் தெரியாதவன்.

"அண்ணே, நான் திரும்பிப் பார்க்கையில அந்த வீட்டுப் பய கை கைப்பிடி மேலதான் இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

 விருமாண்டி கேரியரை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வண்டியில் ஏறினான். முத்திருளன் எதிரே, அண்ணன் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போட்டது. அவன் அண்ணன் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

ஆனையூர் வீட்டு வாசலில் பந்தல். கொட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பாடை கட்டப் பச்சை மூங்கில் கிடந்தது. அன்னக்கொடி தலைமாட்டில் உட்கார்ந்து, ஊரே அழும்போது அழாமல், புருஷனின் உதட்டோரத்துக் கறுப்புக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நாலு வயசு மகள் அவள் மடியில் தூங்கியது.

"தம்பி" என்றாள். முத்திருளன் குனிந்தான்.

"பல்லால உரிச்சிருக்காருல்ல?"

"ஆமா மதினி."

"அப்பப் பயமில்லாமத்தான் கடிச்சிருக்காரு. ஆளுகளை நம்பி."

அவன் எழுந்து பந்தலுக்கு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  அந்த நேரம் பார்த்து, கொட்டுச் சத்தம் பாதியில் நின்றது.

தெருமுனையில் ஒரு அம்பாசிடர். வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக, பெரிய ரோஜா மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு, துளசிராம் தனியாக நடந்து வந்தான். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அவன் உள்ளே வந்ததும் வழி மூடிக்கொண்டது.

"வாங்க மொதலாளி" என்றான் விருமாண்டி. "லைட்டு எல்லாம் எரியுதா? வெளிச்சம் நல்லா விழுகுதா? எங்க தங்கச்சி வீட்டுலயும் ரெண்டு மாட்டி விட்டுப் போறது."

"அண்ணே, போகாதன்னு அப்பா சொன்னார். எனக்கு மனசு கேக்கலை..."

"மனசு வேற இருக்கா உனக்கு?"

விருமாண்டியின் கை துளசிராமின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது. மாலை கீழே விழுந்தது.

"எதுக்குடா கைப்பிடியைத் தொட்ட? டி.வி. பார்க்கவா? இல்ல, உங்கொப்பனுக்கு ஃபேனு ஓடலையா?"

"நான் அமத்தத்தான் ஓடினேன். சத்தியமாச் சொல்றேன்!"

"அமத்தப் போனியா? அப்பப் போட்டது எவன்? எங்க ஆத்தாளா வந்து போட்டா?" விருமாண்டி திரும்பினான். "சின்ன மாப்ள! நீ பக்கத்துலதானே நின்ன? சொல்லு. இவன்தானே?"

அத்தனை கண்ணும் முத்திருளன் மேல் வந்தது. துளசிராமின் கண்ணும். இல்லை என்று ஒரு வார்த்தை, ஒரு தலையசைப்பு போதும். முத்திருளன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

அந்த மௌனத்தை விருமாண்டி தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டான்.

குனிந்து பச்சை மூங்கிலை எடுத்ததும் தெரியவில்லை, சுழற்றியதும் தெரியவில்லை. துளசிராமின் கண்ணாடி தெறித்துப் பறந்தது. நெற்றி பிளந்து, ரத்தம் வெள்ளைச் சட்டையில் மளமளவென்று இறங்கியது. பொம்பளைகள் அலறினார்கள். ஒருத்தர் கூடக் குறுக்கே போகவில்லை. துளசிராம் முட்டி போட்டு விழுந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். தமிழ் மறந்துபோய், தன் வீட்டுச் சௌராஷ்டிரப் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டான்.

விருமாண்டி காலை அகட்டி வைத்து மூங்கிலைத் தலைக்கு மேலே தூக்கினான். இந்த அடி விழுந்தால் மண்டை தேங்காய்தான்.

"மச்சான்! நாந்தான்!"

மூங்கில் அந்தரத்தில் நின்றது.

"என்ன நீதான்?"

"கைப்பிடியை மூணுக்கு மாத்துனது நாந்தான். ட்ரில்லு ஓட்ட மாத்துனேன். திருப்பி வைக்க மறந்துட்டேன். அந்தாளு ஓடிவந்து அமத்தத்தான் செஞ்சாரு." முத்திருளன் மூங்கிலுக்குக் கீழே வந்து நின்றான். "எங்கண்ணன் மேல ஒரு தப்பும் இல்லை. நாந்தான் கொன்னேன்."

தெருவில் எங்கேயோ ஒரு சைக்கிள் மணி அடித்தது. 

"நேத்துல இருந்து எங்கூடவேதான் இருந்த, ஒரே வண்டியில வந்த" என்றான் விருமாண்டி, மெதுவாக. "எங்கூட டீ குடிச்ச."

முதல் அடி இடது தோளில். எலும்பு ஒடிந்தது முத்திருளனுக்கே கேட்டது. அடுத்தது விலாவில். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. கீழே விழுந்தவனை விருமாண்டி காலால் புரட்டிப் புரட்டி மிதித்தான். வாயில் மண்ணும் ரத்தமும் கலந்தன. ஒரு பல் நாக்கில் உருண்டது. அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் விருமாண்டிதான் அழுதான். "பாவி! பாவி! ஒரு வாட்டி திரும்பிப் பார்க்க மாட்ட? ஒரு வாட்டி!"

மூங்கில் மறுபடியும் உயர்ந்தது. இந்த முறை வலது பக்கம்.

"அண்ணே."

அன்னக்கொடி எழுந்து நின்றிருந்தாள். தூங்கும் பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்திருந்தாள். முத்திருளனை அவள் பார்க்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தாள்.

"வலது கையை விட்டுரு. அவருக்கு ஆம்பளப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க ஒரு கை வேணும்."

 நல்லகாமன் கிட்டே வந்து மூங்கிலைப் பிடித்தான். அது அவன் கைக்கு வந்தது.

அன்னக்கொடி துளசிராமிடம் போனாள். "நீங்க மாலையைப் போட்டுட்டுக் கெளம்புங்கய்யா. ஆஸ்பத்திரிக்குப் போங்க." அவன் ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு, மிதிபட்ட மாலையை மறு கையால் தட்டி எடுத்து, காசிமாயன் நெஞ்சில் வைத்தான். மாலையில் பாதிப் பூ இல்லை. நல்லகாமன் மூங்கிலை வைக்கோலால் அழுத்தித் துடைத்துப் பாடையில் வைத்துக் கட்டினான். வேறு மூங்கில் இல்லை.

கொட்டு மறுபடியும் எழுந்தது.

மயானத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பொம்பளைகள் தெருவோடு நின்றுவிட்டார்கள். முத்திருளனுக்கு மொட்டை அடித்து, இடது கையைத் துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது தோளில் தண்ணீர்க் குடம். ஒரு கையால்தான் பிடிக்க முடிந்தது. சிதையை மூன்று தடவை சுற்றி வரணும். சுற்றுக்கு ஒரு தடவை பின்னால் வருகிற ஆள் குடத்தில் கத்தியால் கொத்தித் துளை போடுவான். அதற்கென்று இருந்த மயானத்து ஆள் கத்தியோடு கிட்டே வந்தான்.

விருமாண்டி கையை நீட்டினான். அந்த ஆள் கூட்டத்தைப் பார்த்தான்.  கத்தி கை மாறியது.

முத்திருளன் நடந்தான். முதுகுக்குப் பின்னால், ஒரு எட்டுத் தள்ளி, காலடி கேட்டது. பெருமூச்சு பிடரியில் பட்டது. கழுத்துக்கு நாலு விரல் தள்ளி, கத்தி முனை குடத்தில் டக்கென்று இறங்கியது. தண்ணீர் பீச்சியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது.

அடுத்த சுற்று. டக். ஒடிந்த தோள் வலியில் உடம்பு முழுக்க உதறியது. குடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் சரிந்தது. மூன்று சுற்றும் முடியும் முன் குடம் விழுந்தால் எல்லாம் கெட்டது. கூட்டத்தில் யாரோ "ஏய், ஏய்" என்றார்கள்.

பின்னாலிருந்து ஒரு உலக்கைக் கை வந்து குடத்தின் அடியைத் தாங்கியது. மறு கையில் கத்தி இருந்தது. இரண்டு பேரும் ஒரே எட்டாக எடுத்து வைத்துக் கடைசிச் சுற்றை நடந்தார்கள். தண்ணீர் முத்திருளனின் முதுகில் இறங்கி, வேட்டியை நனைத்து, குதிகாலுக்குப் பின்னே புழுதியில் கோடு போட்டுக்கொண்டே வந்தது.