ஏழு அறைக்கு ஒரு குரல்

காலை மணி ஒன்பதே கால். நாளை இதே நேரம் அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருப்பார்கள். தொண்டைக் கட்டியோடு குரல்வளையையும் எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிப் பத்து நாளாகிறது.

அவளுடைய கணவர் எலக்ட்ரீஷியன். கடைசி ஸ்பீக்கரைக் குளியலறைக் கதவுக்கு மேல் திருகி மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். அவர் போட்ட திட்டம்தான். ஏழு இடத்தில் ஏழு ஸ்பீக்கர். எல்லா வயரும் கூடத்து அலமாரியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு வந்து சேரும். அவள் பேச்சை முன்கூட்டியே பதிந்துவைத்துவிட்டால், பிறகு அவள் தன் போனைத் தொட்டால் போதும். அவர் எந்த அறையில் இருந்தாலும் அவள் குரல் அங்கே கூப்பிடும்.

முப்பது வருடத் தொழில் பழக்கம். முதலில் சுவரைக் கொத்திக் குழாய் பதிப்பது, பிறகு வயர் இழுப்பது. மாட்டுகிற சாமான் கடைசியில்தான். மைக்கும் அப்படியே. பத்து நாளும் கொத்தினார். தூசியில் அவள் இருமினாள். பக்கத்து அறைக்குப் போகச் சொன்னார். மறுநாள் அங்கேயும் கொத்தினார்.

மைக்கை அவள் முன்னால் வைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"சும்மா ஒண்ணு ரெண்டு சொல்லு."

உதடு அசைந்தது. ஹெட்போனில் காற்று வந்தது. அவள் வரவில்லை.

"கொஞ்சம் சத்தமா."

"இதான் சத்தம்," என்று கிசுகிசுத்தாள்.

ஒலியைக் கூட்டினார். காற்றுதான் கூடியது. மைக்கை மாற்றினார். வயரை மாற்றினார். கோளாறு வயரில்தான் இருக்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. மூன்றாவது வயரையும் மாட்டிப் பார்த்தார்.

"போன வாரம் நல்லாத்தானே பேசிட்டு இருந்தே?"

"ஆமா. நீங்க சுவத்தோட பேசிட்டு இருந்தீங்க."

அவர் அந்த வயரையும் கழற்றினார்.

"லாடத்தை வாங்கிட்டுக் குதிரையைத் தேடின கதை," என்று சிரிக்கப் போய் இருமினாள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வெந்நீர் கொண்டுவந்தார். பாதி அவர் சட்டையில் சிந்தியிருந்தது.

அவள் மேசையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். அறைவாரியாக அவர் கையெழுத்து. அடுக்களை: டீ ஆறுது. வாசல்: யாரோ வந்திருக்காங்க. மாடி: மோட்டாரை நிறுத்துங்க. மொத்தம் நாற்பது வரி. முழுதும் படித்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"நிஜக் குரல்ல ஒரு வார்த்தை வேணா முக்கிச் சொல்லிடுவேன். ரெண்டாவது வராது."

"வரும்மா. கொஞ்ச நேரம் பேசாம இரு, வரும்."

"பேசாம இருக்கத்தான் நாளையிலேர்ந்து பூரா நாளும் இருக்கே."

அவர் பதிவு பட்டனை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏழு ரூமுக்கும் அந்த ஒண்ணுதாங்க. எதைச் சொல்லட்டும்?"