தூங்குமூஞ்சியின் தட்டு

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வதற்கே சலிப்பாக இருக்கிறது. "தட்டு அளக்கிறேன்" என்றால் ஓட்டலிலா என்கிறார்கள். என் சொந்த அண்ணியே, "ஒரு தட்டை அளக்கவா அவ்வளவு படிச்சே?" என்று கேட்டவர்தான்.

இது சாப்பிடுகிற தட்டு இல்லை. வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தட்டு. ராத்திரி தொலைநோக்கியில் மாட்டி எடுப்பார்கள். காலையில் கழுவிக் காய்ந்து என் மேஜைக்கு வரும். வெளிறிய கண்ணாடி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நட்சத்திரம். நுண்நோக்கிக்கு அடியில் வைத்து, திருகைத் திருப்பித் திருப்பி, எது எங்கே இருக்கிறது என்று அளந்து கொடுக்க வேண்டும். அந்த எண்கள் நட்சத்திர அட்டவணையில் ஏறும். பல வருஷம் கழித்து எவரோ ஒருவர் வானத்தின் இதே துண்டை மறுபடி படம் எடுத்து, எந்த நட்சத்திரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று என் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நான் சொதப்பினால், சும்மா இருந்த நட்சத்திரம் ஓடிப்போனதாகப் பெயர் வாங்கும்.

அளப்பது நான். படம் எடுப்பது என் வீட்டுக்காரர். அங்கேதான் வந்தது வினை.

படம் எடுக்கும்போது தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து திரும்ப வேண்டும். அதற்குக் கடிகார இயந்திரம் இருக்கிறது. ஆனால் அது நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் மாதிரிதான், கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அதனால் பக்கத்திலேயே இன்னொரு குழாயில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்கு இழையில் நிறுத்திப் பிடித்திருக்க வேண்டும். அது இழையை விட்டு நழுவினால் திருகைத் திருப்பித் திரும்பக் கொண்டுவர வேண்டும். வேலை அவ்வளவுதான். கண் அசந்தால் தட்டில் விழும் புள்ளி, புள்ளியாக இருக்காது.

இவருக்கு இந்த வருஷம் கண் அசந்துகொண்டே இருந்தது. எல்லாத் தட்டும் இல்லை. ஒன்று முத்து மாதிரி வரும். அடுத்தது மையை அப்பி வைத்த மாதிரி வரும். அதை எடுத்துப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அலமாரியில் தள்ளிவிடுவேன். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் வேலையிலிருந்து வருவார். எங்கள் குடும்பம் நடப்பது பாதி அந்த வாசற்படியில்தான்.

"நேத்தும் தூங்கிட்டீங்களா?"

"நான் கண்ணையே எடுக்கலம்மா."

"அப்போ நட்சத்திரம் தானா வீங்கிடுச்சா?"

"இயந்திரத்துல ஏதோ கோளாறு."

"இயந்திரம் கோளாறு, காத்து கோளாறு, மேகம் கோளாறு. உங்களத் தவிர உலகத்துல எல்லாத்துக்கும் கோளாறு!"

பிளாஸ்க் நிறைய டீ போட்டுக் கொடுத்தேன். பகலில் தூங்கட்டும் என்று போன் வயரைப் பிடுங்கி வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. வெறுத்துப்போய் அலுவலகத்தில் நானே அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்தேன். அது சீக்கிரமே எல்லார் வாயிலும் ஏறிவிட்டது.

எங்கள் மேலதிகாரிக்குத் தசமம் என்று பட்டப்பேர். மணி என்ன என்று சொன்னால்கூட இன்னும் ஒரு தசமம் கேட்பார். அவர் ஒருநாள் ஒரு தட்டைத் தானே கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அட்டவணையில பாக்கி இருக்கிறது இந்த ஒரு இடம்தான். இனிமே இது சூரியன் பக்கம் போயிடும், அடுத்த வருஷம்தான் கிடைக்கும். இதையாவது அளக்க முடியுமா பாருங்க. இதுவும் வீண்னா உங்க வீட்டுக்காரரை மேல தொலைநோக்கிகிட்ட வெச்சிருக்க முடியாதும்மா. கிடங்குக்கு மாத்திடுவேன். தூங்க அங்க தாராளமா எடம் இருக்கு."

எனக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. வானம் தெளிந்த ராத்திரியில் சொந்தத் தங்கை கல்யாணத்திலிருந்துகூடப் பாதியில் எழுந்து வந்த மனுஷன் அவர். கிடங்கில் உட்கார வைத்தால் இடிந்து போய்விடுவார்.

தட்டை நுண்நோக்கியில் வைத்தேன். திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தூங்கினவர் தட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு ஆட்கள் தூங்கி எடுத்ததை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இயந்திரம் தன் பாட்டுக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நட்சத்திரம் கோடாக விழும். இது கோடு இல்லை. நாலா பக்கமும் அப்பியிருந்தது. கிழக்கே இழுத்து, அதிகமாகிவிட்டது என்று மேற்கே தள்ளி, மேலே ஏற்றி, கீழே இறக்கி, மறுபடி கிழக்கே. எல்லா நட்சத்திரத்திலும் அதே தடுமாற்றம். இதை எடுத்தவர் திருகிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அலமாரியில் தள்ளியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாம் அதே கதை. எந்தத் தட்டுக்கு எந்த நட்சத்திரத்தைக் குறுக்கு இழையில் பிடித்தார் என்று பதிவேட்டில் பார்த்தேன். பிரகாசமானதைப் பிடித்த தட்டெல்லாம் முத்து. மங்கலானதைப் பிடித்ததெல்லாம் அப்பல். கண்ணை எடுக்கவில்லை என்று அவர் சொன்னது சத்தியம். கண் அங்கேதான் இருந்திருக்கிறது, பார்வைதான் இல்லை.

கொஞ்ச நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மதிய வெளிச்சத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நாளா?"

"எது?"

"கண்ணு."

"நடுவுல மட்டும் புகை மாதிரி. நேராப் பார்க்கிறது மறைஞ்சிடும். பார்வையைக் கொஞ்சம் ஓரமாத் திருப்பினா ஓரளவு தெரியும். நட்சத்திரம் பெரிசா இருந்தா சமாளிச்சிடுவேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சில மாதமாக இவர் என்னோடு பேசும்போதெல்லாம் பீரோவைப் பார்த்துத்தான் பேசுகிறார். திமிர் என்று நினைத்திருந்தேன். என்னைப் பார்க்கத்தான் பீரோவைப் பார்த்திருக்கிறார்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?"

"நீதான் தூங்குறேன்னு முடிவு கட்டிட்டியே. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். தூங்குறவனைத் திட்டிட்டு விட்ருவாங்க. கண்ணு தெரியாதவனை விடுவாங்களா?"

வருஷம் முழுக்க நான் கத்திய கத்தலைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. தசமம் தட்டைக் கொண்டுவந்து கிடங்கு என்று மிரட்டியதையும் கொட்டித் தீர்த்தேன்.

"அந்தத் தட்டை அளந்துட்டேன்னு சொல்லிடேன்" என்றார். "அப்பின புள்ளிக்கும் நடுன்னு ஒண்ணு இருக்கும்ல?"

"அது நட்சத்திரத்தோட நடு இல்லீங்க. நீங்க எந்தப் பக்கம் அதிகமா இழுத்தீங்களோ அந்தப் பக்கம்."

அவருக்கா அது தெரியாது? "அப்போ தூங்கிட்டேன்னே சொல்லு. கிடங்குக்குப் போறேன். கொஞ்ச நாள்ல மறந்துட்டு மேல கூப்பிடுவாங்க."

அப்படியே அலுவலகத்துக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன், என்னைத் திட்டினேன். எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

தசமம் என் மேஜையருகே நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா, தூங்கிட்டாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்காரருக்கு ஒரு நம்பிக்கை மிஞ்சும். அந்த நம்பிக்கையோடு ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டார், கிடங்கில் உட்கார்ந்து கண்ணை முழுசாகத் தொலைப்பார்.

"தூங்கல சார். ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கல. அவருக்குக் கண்ணு தெரியல."

தசமம் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "அவரை இன்னிக்கு வர வேணாம்னு சொல்லுங்க. முதல்ல கண்ணைப் பாருங்க" என்றார்.

சாயங்காலம் நான் வந்தபோது அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"தூங்கினேன்னு?"

"இல்ல."

ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றினார். மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கட்டிலில் உட்கார்ந்து பீரோவைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி. ஏதாவது சாக்குச் சொன்னீங்க, அவ்வளவுதான்" என்று ஆரம்பித்தேன். இன்னும் நிறையச் சொல்ல வைத்திருந்தேன். அவர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன், முடியவில்லை.

அவர் பீரோவிலிருந்து பார்வையை எடுத்தார். மெல்லத் திரும்பி, நேராக என் முகத்துக்கு நேரே கண்ணை வைத்தார்.

"அழுதுக்கோ. நான் பார்க்கல" என்றார்.