பெயர் வைக்கும் இடம்

பத்துமலைக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது நாக்கும் சேர்ந்தே விழுந்தது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "போ." தேத்தண்ணி வேணுமா என்றாலும் போ. பசிக்குதா என்றாலும் போ.

"முப்பது வருசமா வாய்க்குள்ள வச்சிருந்தாரு. இப்பத்தான் தைரியம் வந்து சொல்றாரு," என்று வீரம்மா மருமகளிடம் சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். அவள் பெரிய பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், நாலு நிரை தள்ளி நின்று "வீரம்மோவ்" என்று கூப்பிடுவாரே, அந்தப் பெயர் இன்னும் ஒரு தரம் அவர் வாயிலிருந்து வந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த நிரோஷா தன்மையான பெண். "பேச்சு இருக்கிற இடத்திலதான் ஆன்ட்டி அடி. பாட்டு மூளையில வேற பக்கமும் இருக்கு. முதல்ல பாட வைங்க. பாட்டு வந்திட்டா, அந்த மெட்டுக்குள்ளேயே வேண்டிய சொல்ல மெதுவா நுழைச்சிரலாம்."

வீரம்மா முருகன் பாட்டு போட்டாள். பழைய சினிமாப் பாட்டு போட்டாள். தானே பாடியும் பார்த்தாள். பத்துமலை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. மேளச் சத்தம் வீட்டுக்குள் வந்ததும் அவருடைய இடக்கை தொடையில் தட்டியது. வாய் திறந்தது.

"பிரட்டு மணி அடிச்சாச்சு, பேரு சொல்லிக் கூப்பிட்டாச்சு..."

ஒரு சொல்கூட உடையவில்லை. தோட்டத்தில் யார் இறந்தாலும், பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் பத்துமலைதான் பாடுவார். விடியுமுன் பிரட்டில் வேலையாட்களை நிறுத்தி வைத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவதுபோல, இறந்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ஏன் இன்னும் எழும்பல?" என்று கேட்கிற பாட்டு. அந்தப் பெயருக்கென்று மெட்டில் ஓர் இடம் விட்டிருக்கும். ஒவ்வொரு சாவுக்கும் அதில் ஒரு பெயர் ஏறும்.

வீரம்மா அழுதுகொண்டே கைதட்டினாள். மருமகள் தினேஸ்வரி ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி அறையிலிருந்து ஓடிவந்தாள்.

"ஐயோ அத்தை, இது வேணாம்லா! பிள்ளத்தாச்சி இருக்கிற வீடு. எங்கம்மா காதுல விழுந்துச்சுன்னா, இன்னிக்கே என்னைய பாகான் செராய்க்கு அள்ளிட்டுப் போயிருவாங்க. வேற பாட்டே வராதா மாமாவுக்கு?"

"வந்தா நான் வேணாங்கிறேனா?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அன்று முதல் வீரம்மா சாயங்காலத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, தாமான் வீடுகளுக்குப் பின்னால், சுண்ணாம்பு மலையடியில் இருக்கும் வெற்றுத் திடலுக்குப் போனாள். அங்கே கேட்க யாருமில்லை.

விஷயத்தைக் கேட்ட நிரோஷா, "எந்தப் பாட்டா இருந்தா என்ன ஆன்ட்டி? பேர் வர்ற இடத்தில உங்க பேர வச்சுப் பாருங்களேன்," என்றாள்.

உயிரோடு இருப்பவள் பெயரை அந்தப் பாட்டில் வைப்பதா என்று வீரம்மா தயங்கினாள். ஆனால் ஆசை பெரிதாக இருந்தது.

திடலில் அவருடைய இடக்கையைப் பிடித்து, நிரோஷா சொல்லிக்கொடுத்தபடி தட்டினாள். அவர் பாடினார். பெயர் வருகிற இடத்தில் அவளே எடுத்துக்கொடுத்தாள்: "வீரம்மா..."

பாட்டு நின்றது. மறுபடி தொடங்கினாள். மறுபடி அதே இடம். அவர் கையை உருவி அவள் வாயைப் பொத்தினார், பல் வலிக்கும் அளவுக்கு. "போ!" என்றார்.

அவள் கையை விலக்கினாள். "எங்க போறது? என் பேருதானே. சொன்னா செத்தா போயிருவேன்? எனக்காக ஒரு வாட்டி சொல்லுங்களேன்."

அவர் தலையை ஆட்டினார். மலையைப் பார்த்தார். பிறகு தானாகவே முதலிலிருந்து எடுத்தார். அந்த இடம் வந்ததும் மூச்சை இழுத்தார். உதடு கோணிக்கொண்டு துடித்தது.

"பத்து... மல... ஏன் இன்னும் எழும்பல?"

இப்போது அவள் கை அவர் வாய்க்குப் போயிற்று.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் அவர் அதைப் பாடிக் காட்டியபோது நிரோஷா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். "சொந்தப் பேரு! புதுசா ஒரு சொல்லு! நான் இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கல ஆன்ட்டி. தினமும் இதையே பாட வைங்க."

அந்தப் பாட்டில் பெயர் ஏறினால் என்ன அர்த்தமென்று சொல்ல வீரம்மா வாயெடுத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவரை வைத்து யாரும் சந்தோஷப்பட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. "சரி மிஸ்," என்றாள்.

அவரைப் பாட வைக்க வேண்டியிருக்கவில்லை. திடலுக்குப் போனதும் தானே தொடங்கினார். தண்ணீர், சோறு, பேரப்பிள்ளை பிறந்த பிறகு தொட்டில் என்று என்னென்னவோ அந்த இடத்தில் வைத்துக் கொடுத்துப் பார்த்தாள். எதையும் அவர் தொடவில்லை.

ஐப்பசி மழையில் இரண்டாவது தடவையாகப் பக்கவாதம் வந்தது. அதற்குள் தன் பெயரைத் திக்காமல், இராகம் விலகாமல் பாடப் பழகியிருந்தார். புதிதாக வேறு ஒரு சொல்லும் வரவில்லை.