பெருவிழா நாளில் உபவாசம்

சாப்பாட்டு மணி அடித்த அடியில் பயிற்சி இல்லத்துக் கூரைமேல் இருந்த காக்கைகள் எல்லாம் கலைந்து பறந்தன. அடித்தவன் செந்தமிழ்செல்வன். காலையிலிருந்து வெங்காயம் உரித்து அழுது தீர்த்த வாத்தியார். அந்தக் கோபத்தையெல்லாம் மணியின்மேல் காட்டிவிட்டான்.

மணி ஓய்ந்தது. தட்டுகள் வரிசையாகக் காத்திருந்தன. பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளையிலிருந்து வாங்கிவந்த இறாலின் தொக்கு வாசனை பிச்சாவரம் சாலைவரை போய் ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆட்களைத்தான் காணோம்.

அமலோற்பவம் டீச்சர் கரண்டியும் கையுமாக நின்றாள். வழக்கமாக மணிக்கு முன்பே வந்து தட்டைத் தூக்கும் கூட்டம் அது. இன்றைக்கு இயக்குநர் ஃபாதர் வந்தார், இரண்டு கன்னியாஸ்திரீகள் வந்தார்கள், வெளிமாவட்டத்துக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். மற்ற பதிமூன்று பேரும் ஜெபக்கூடத்தில் முழங்காலில் நிற்பதாகத் தகவல் வந்தது.

தகவலைக் கொண்டுவந்தவர் மரியசூசை சார். கடலூரில் அமலோற்பவம் வேலை பார்க்கும் அதே பள்ளிக்கூடம்; அவளைவிட எட்டு வருஷம் இளையவர்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்கல்லாம் இன்னைக்கி உபவாசம்."

"என்னா சார் திடீர்னு?"

"நம்ம பள்ளிக்கூடங்களுக்காக. காலைல ஜெபத்துல ஒரு உந்துதல்."

"நேத்து பிரியாணிக்கு ரெண்டாவது தட்டு வச்சிக்கிட்டப்ப பள்ளிக்கூடமெல்லாம் நல்லாருந்துச்சாங்க சார்?"

மரியசூசை சார் காதில் விழாதவர்போலச் சிரித்துவிட்டுப் போனார். எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று தலைவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது போன வாரப் பாடம்.

பாடம் என்றால் சாதாரணப் பாடமில்லை. இனிமேல் தலைமையாசிரியர் நாற்காலி வேண்டுகிறவர்கள் இரண்டு கோடை விடுமுறைகளில் சிதம்பரத்துக்கு வெளியே இருக்கும் இந்த இல்லத்தில் தங்கி, கத்தோலிக்கப் பள்ளித் தலைமை என்னும் முதுநிலைப் பட்டயம் படித்துத் தேற வேண்டும் என்று மறைமாவட்டம் சட்டம் போட்டிருந்தது. அமலோற்பவத்தின் பள்ளியில் அந்த நாற்காலி இந்த மாதம் காலியாகிறது. பணிமூப்பு அவளுக்கு. அவள் சறுக்கினால் அடுத்தவர் மரியசூசை சார். இருவருக்கும் இது கடைசிக் கோடை. மார்க்கைப் பார்த்து ஆளைச் சொல்லப்போகிற கல்விச் செயலாளர் சாமியார் புதன்கிழமை நிறைவு விழாவுக்கு வருகிறார்.

இந்த வருஷத்து முக்கியப் பாடம் 'பணிவிடை செய்யும் தலைமை'. அதற்குச் செய்முறை உண்டு. சமையற்காரர் கோவிந்தசாமிக்கு லீவு கொடுத்துவிட்டு, நாளுக்கு இரண்டு பேராகப் படிக்கிறவர்களே சமைத்துப் பரிமாற வேண்டும். சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தவர் மரியசூசை சார்தான். இருபது பேருக்குமேல் இருந்த கூட்டத்தில் காலனியில் பிறந்தவர்கள் அமலோற்பவமும் செந்தமிழ்செல்வனும் மட்டுமே. சீட்டின் நியாயத்தைப் பாருங்கள், இருவரும் ஒரே நாளில் வந்து விழுந்தார்கள். ஒரு நாள் பட்டினியோடு காரியம் முடிந்துவிடும் அல்லவா?

மாசில்லாமல் பிறந்தவள் என்று மாதாவுக்குக் கொடுத்த பட்டத்தைத்தான் அமலோற்பவத்துக்குப் பெயராக வைத்திருந்தார்கள். அவளுடைய பாட்டனும் பெரிய தெருக்காரர்களின் பாட்டன்மாரும் ஒரே கோயிலில், ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். தண்ணீர் ஜென்மப் பாவத்தைக் கழுவும், காலனியைக் கழுவாது என்பது பெரிய தெருவில் தனியாக நடக்கும் ஞானோபதேசம்.

அவசரத்தில் ஒரு தவறு மட்டும் நடந்துவிட்டது. அன்றைக்கு ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா, ஞாயிற்றுக்கிழமை வேறு. பெருவிழா நாளில் உபவாசம் கூடாது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்டு மார்க் போடுகிறவர்கள், நாள் பார்க்க மறந்துவிட்டார்கள்.

இயக்குநர் இன்னாசிமுத்து ஃபாதர் குமரி மாவட்டத்துக்காரர். பத்து வருஷம் ரோமாபுரியில் படித்தவர். சாதியைப் பற்றி இத்தாலிய மொழியில் ஓர் அத்தியாயமே எழுதியவர். அதனாலோ என்னவோ, அது நேரில் வந்து நின்றபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இறால் தொக்கை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மாலை வகுப்பில் குரல் தழுதழுக்கப் பேசினார்.

"பெருவிழா அன்னைக்கு உபவாசமான்னு முதல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அப்புறம்தான் புரிஞ்சது. ஆண்டவர் விண்ணேறிப் போனதும் சீடர்கள் என்ன செஞ்சாங்க? மேல்மாடி அறையில ஆவியானவருக்காக ஜெபிச்சுக் காத்திருந்தாங்க. அதையே நீங்க செஞ்சிருக்கீங்க. இதை ஒரு நாளோட விடலாமா? புதன்கிழமை வரைக்கும் தொடருவோம்."

பதிமூன்று முகங்களும் மேல்மாடியிலிருந்து விழுந்த முகங்களாயின.

"ஃபாதர், பி.பி. மாத்திரை போடறவங்க இருக்காங்க," என்றார் மரியசூசை சார், மெலிந்த குரலில்.

"அவங்க மோர் குடிக்கலாம்."

வகுப்பு முடிந்ததும் ஃபாதர் அமலோற்பவத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்களும் அவங்களோட சேர்ந்திருக்கலாம் டீச்சர். தலைவர்னா ஒரு வேளைப் பசியையாவது தாங்கணும்."

"சமையல் மொற என்னுது ஃபாதர். நானும் ஜெபத்துல போயி உக்காந்துட்டா உங்களுக்கு யாரு சோறு போடறது?"

"அது சரிதான். இருந்தாலும் சமூக வாழ்வுன்னு ஒரு மார்க் இருக்கே. அவங்களுக்கு நிறைவாப் போட்டிருக்கேன். உங்களுக்குக் கொஞ்சம் குறையும். வருத்தப்படாதீங்க."

அவர்கள் சாப்பிடாததற்குக் காரணம் அவள் கை. அதற்கு மார்க் அவர்களுக்கு. கணக்கு வாத்தியாராக இருந்தும் இந்தக் கணக்கு அவளுக்குப் புதிதாக இருந்தது.

கடலூர் செம்மண்டலத்தில் இருந்த கணவர் பிலவேந்திரனுக்குப் போன் போட்டாள். அவர் பேரூராட்சி ஆபீஸில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். வாயைத் திறக்காமல் பென்ஷன் வாங்கியவர்.

"வுட்டுத் தள்ளு," என்றார். "சர்டிபிகேட் வாங்கிட்டு வா. மொதல்ல அந்த நாற்காலில உக்காரு. அப்பறமா எல்லாத்தயும் கேளு."

"உக்கார்றதுக்கே வாய மூடிக்கணும்னா, உக்காந்தப்பறம் தொறக்கவா போவுது?"

"ஒன்னோட இதான் ரோதன. ரெண்டு நாள் பல்லக் கடிச்சிக்கினு இரு."

திங்களும் செவ்வாயும் சமையல் முறை உபவாசக்காரர்களுடையது. சாம்பார் வைத்து, அப்பளம் பொரித்து, தாங்கள் ஒரு வாய் வைக்காமல் மற்றவர்களுக்குப் பரிமாறினார்கள். பணிவிடை செய்யும் தலைமை அந்த இல்லத்தில் நிஜமாகவே நடந்தது அந்த இரண்டு நாள்தான்.

திங்கள் மாலை, ஆய்வறிக்கையை ஜெராக்ஸ் எடுக்கச் சிதம்பரம் போன அமலோற்பவம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரஹ்மத்துல்லா பாய் ஹோட்டலில் டீ குடிக்க நுழைந்தாள்.

"வாங்க டீச்சர்," என்றார் பாய், கல்லாவிலிருந்து. "ஒங்க இல்லத்துல அடுப்பு கிடுப்பு அவிஞ்சி போச்சா? மத்தியானத்துலேர்ந்து செட்டு செட்டா வர்றாங்க."

"உபவாசம் பாய்."

"நாங்க சூரியன் எறங்குனாத்தான் நோம்பு தொறப்போம். ஒங்குளுது மூணு மணிக்கே தொறந்துக்குது. இது ஜாஸ்தி வசதியால்ல இருக்கு."

உள் மேசையில் மேல்மாடிச் சீடர்கள் நால்வர். மரியசூசை சார் வாயில் பரோட்டா இருந்ததால் பேச்சு வர நேரமாயிற்று.

"மாத்திரைக்கு டீச்சர். வெறும் வயித்துல போடக் கூடாதாம். ஃபாதர்ட்ட சொல்லிக்கினு இருக்காதீங்க."

"நான் என்னா சார் சொல்லப் போறேன். பரோட்டா போடறவரு எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேட்டீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்றார் அவர், உண்மையான வியப்போடு, சால்னாவை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியபடி.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஃபாதர் அடுத்த குண்டைப் போட்டார். நாளை மதியம், செயலாளர் சாமியார் முன்னிலையில் உபவாசம் முடிகிறது. எந்தச் சாப்பாட்டை இவர்கள் ஆண்டவருக்காகத் துறந்தார்களோ, அதே சாப்பாட்டை, அதே கைகளால் வாங்கிச் சாப்பிட்டு முடிப்பதுதான் அழகு. ஆகவே அமலோற்பவமும் செந்தமிழ்செல்வனும் சமைக்கிறார்கள்.

"டீச்சருக்கு எதுக்கு ஃபாதர் செரமம்? கோவிந்தசாமிய வரச் சொல்லிடலாமே," என்று மரியசூசை சார் எழுந்தார்.

"சிரமமில்ல சார். கௌரவம்."

மாலையில் மரியசூசை சார் சமையற்கட்டு வாசலுக்கே வந்தார். உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், மனசு வுட்டுப் பேசறேன். எனக்கு ஒன்னுமில்ல. கூட இருக்கறவங்க பாப்பாங்க, ஊர்ல போயி சொல்லுவாங்க. நாளைக்கி என் பொண்ணுக்கு எடம் பாக்கணும். நீங்க ஒடம்பு சரியில்லன்னு படுத்துடுங்க."

"படுத்தா?"

"செயலாளர் சாமி எங்க சித்தப்பா மொறைதான். மார்க்கெல்லாம் பாக்க மாட்டாரு. நாற்காலி ஒங்களுக்குத்தான்னு நானே சொல்றேன். ஆண்டவர் சத்தியமா."

செந்தமிழ்செல்வன் பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் மனதுக்குள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். சுழல்கிற நாற்காலி, பின்னால் சிலுவை, பக்கத்தில் மேசைமணி. ஒரு நாள் காய்ச்சலுக்கு அது கிடைக்கும். கை நீட்டினால் எட்டும் தூரம்.

"காலைல பாத்துக்கலாம் சார்," என்றாள்.

மரியசூசை சார் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார். அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாகவே அன்றிரவு மற்ற பன்னிரண்டு பேரும் நம்பினார்கள்.

காலையில் அடுப்பு எரிந்தது. அமலோற்பவம் மஞ்சள் கரை போட்ட புதுப் புடவையில், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு சோறு வடித்தாள். செந்தமிழ்செல்வனைக் கடைக்கு அனுப்பினாள். வாங்கி வந்ததை இறக்கி வைத்துவிட்டு அவன் சொன்னான்: "டீச்சர், நாற்காலி போயிடும்."

"போவட்டும்பா. நின்னுக்கினேதான இருவத்தாறு வருஷம் கணக்கு நடத்துனேன்."

மதியம் செயலாளர் சாமியார் வெள்ளை அங்கி சலசலக்க வந்து நடு இடத்தில் அமர்ந்தார். அவருக்கும் இயக்குநருக்கும் கன்னியாஸ்திரீகளுக்கும் வெளிமாவட்டத்துக்காரர்களுக்கும் தட்டு நிறையச் சோறு, கிள்ளை இறால், ரசம். எதிர்வரிசையில் பதிமூன்று உபவாசக்காரர்கள். அமலோற்பவம் வரிசையாக வந்து ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் ஆரஞ்சு சோடா பாட்டிலையும், இரண்டு வாழைப்பழத்தையும் பணிவோடு வைத்துவிட்டுப் போனாள். தட்டு வைக்கவில்லை.

யாரும் தட்டுக் கேட்கவில்லை. பதிமூன்று நெஞ்சுகளிலிருந்தும் ஒரே பெருமூச்சு கிளம்பியது. மரியசூசை சார் நன்றியோடு அவளை ஏறிட்டுக்கூடப் பார்த்தார். இவ்வளவு பண்பான ஆளா என்று அவருக்கே மனம் நெகிழ்ந்திருக்க வேண்டும். பாட்டில் மூடிகள் படபடவென்று திறந்தன.

செயலாளர் சாமியார் தம் தட்டைப் பார்த்தார். எதிர்வரிசையைப் பார்த்தார். பிறகு சோற்றுத் தட்டை மெல்லப் பக்கத்தில் தள்ளிவிட்டு, மரியசூசை சார் பக்கம் கையை நீட்டினார்.

"எனக்கு சுகர் இருக்கு. சோறு ஆகாது. அந்தப் பாட்டில இப்டித் தள்ளுப்பா."

சர்க்கரை வியாதிக்கு ஆரஞ்சு சோடா குடிக்கிற வைத்தியத்தை இன்னாசிமுத்து ஃபாதர் ரோமாபுரியில் கேள்விப்பட்டதில்லை. கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்கு, அந்த வரிசையிலிருந்து இந்த வரிசைக்கு அவர் கண் இரண்டு தடவை போய்வந்தது.

"என்ன டீச்சர் இது? மூணு நாள் பசிச்சிருந்தவங்களுக்குச் சோறு போடாம, பாட்டிலும் பழமும் வச்சிருக்கீங்க?"

அமலோற்பவம் முந்தானையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"காலனில எங்க வூட்டு விசேஷத்துக்கு வந்தா, பெரிய தெருக்காரவுங்க இத மட்டுந்தான் ஃபாதர் தொடுவாங்க: மூடி தொறக்காதது, தோல் உரிக்காதது."