பீர் முகைதீன் வோட்டு

என் அக்காள் புருஷன் நல்லையா சட்டசபைக்கு நிற்கப்போவதாகச் சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ரங்கூனில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கியிருந்த இடங்களுக்கு இரண்டு கட்சிகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சுதேசிக் கட்சிக்காரர்கள் கதர் குல்லாய் போட்டுக்கொண்டு, சட்டசபைக்குள் போய் அதை உடைப்போம் என்றார்கள். வர்த்தகர் கட்சிக்காரர்கள் கவர்னர் மாளிகையில் தேநீர் குடித்துவிட்டு வந்து, நாங்கள் சொன்னால் அவர் கேட்பார் என்றார்கள். என் மச்சானுக்கு இரண்டும் ஆகாது.

“சட்டம்னு ஒண்ணு எழுதி வச்சிருக்கான். எழுதினபடி நடடான்னு உள்ளே உக்காந்து கேக்க ஒரு ஆள் வேணும், மாப்பிள்ளை. அவ்வளவுதான் என் கட்சி” என்றார்.

இந்தக் கொள்கைக்கு மாலை போட எவன் வருவான் என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிக்கத் தெரியாது என்பது என் அக்காளின் பழைய புகார்.

அவர் நிற்பதற்குக் காரணம் ஒரே ஒரு மசோதா. பர்மாவில் பிறக்காத ஒருவன் கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பானால், தண்டனை முடிந்த கையோடு அவனைக் கப்பலேற்றி அனுப்பிவிடலாம் என்று ஒரு மசோதா வரப்போவதாகப் பேச்சு. மச்சான் சின்ன வக்கீல். துறைமுகத்துக் கூலிகளுக்காக வாதாடுகிறவர். இருபது வருஷம் இந்த ஊரில் மூட்டை தூக்கியவனை ஒரு சாராயக்கடைச் சண்டைக்காகக் கடலுக்கு அந்தப்பக்கம் தள்ளுவதா என்று குமுறினார். சபையில் எழுந்து அதைக் கேட்க வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

ஆனால் மூட்டை தூக்குகிறவனுக்கு வோட்டு கிடையாது. முனிசிபல் வரி கட்டியவன் பெயர்தான் வோட்டர் ஜாபிதாவில் ஏறும். ஆகவே லான்மடாவ் தெருவின் சின்னக் கடைக்காரர்கள்தான் எங்களுக்குக் கதி. அவர்களில் முதல் ஆள் மீரா முகைதீன் மரைக்காயர். குடையும் அரிக்கேன் விளக்கும் விற்கிற கடை அவருடையது. மச்சானுக்குப் பத்து வருஷப் பழக்கம். மச்சான் நிற்கிறார் என்று கேட்ட மறுநாளே தம் கடையில் ஒரு பெஞ்சைப் போட்டு, இதுதான் வக்கீல் ஐயா ஆபீஸ் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கடைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாப்பா என்கிற தகப்பனார் மவுத்தாகிக் கண்ணை மூடினாலும் கடைப் பலகையிலிருந்தும் வரி ரசீதிலிருந்தும் அவர் பெயரை எடுக்க மாட்டார்கள். எடுத்தால் கடையின் பரக்கத்தும் விருத்தியும் போய்விடும் என்பார்கள். மீரா முகைதீனின் தகப்பனார் பீர் முகைதீன் காயல்பட்டினத்தில் காலமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ரங்கூனில் பீர் முகைதீன் கடை என்றுதான் பேர். மகனையே தெருவில் பாதிப் பேர் பீர் முகைதீன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மச்சான் அதே பெஞ்சில் உட்கார்ந்து ஜாபிதாவைப் படித்துச் சரிபார்த்தார். பெயர் விட்டுப்போனவர்கள் மனுக் கொடுப்பதற்குக் கெடு முடிய நாலு நாள்தான் பாக்கி. “பீர் முகைதீன், குடைக் கடை” என்று படித்தார். “இருக்கேன், இருக்கேன்” என்றார் மீரா முகைதீன். நான் பென்சிலால் கோடு போட்டேன். சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் தூக்கத்தில்கூட ஒப்பிக்கிற மனுஷர், எதிரே இருந்தவரின் சொந்தப் பெயர் என்ன என்பதை அன்றைக்கு யோசிக்கவே இல்லை. நானும்தான் யோசிக்கவில்லை. அந்த ஒரு தெருவில் மட்டும் இப்படி முப்பது கடைகளுக்கு மேல் கோடு போட்டோம்.

நவம்பரில் தேர்தல் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் சாவடி. தலைமை அதிகாரியாக ஒரு பர்மிய மியோஓக் உட்கார்ந்திருந்தார். தாசில்தார் மாதிரிப் பதவி. நல்ல மனுஷர். வெயில் ஏற ஏற அவருடைய கண் கடிகாரத்தின் பக்கமே போனது. கட்சிக்கு ஒரு ஏஜெண்டாக மூன்று பேர் மேஜையருகே இருந்தோம். மச்சானுக்கு நான். வர்த்தகர் கட்சிக்குச் சின்னத்தம்பி. வெற்றிலைக் காவி ஏறிய பல்லும் தங்கச் சங்கிலியுமாக, எப்போதும் மெதுவாகப் பேசுகிற ஆள்.

பத்து மணிக்கு மீரா முகைதீன் புதுச் சட்டையும் அத்தர் வாசனையுமாக வந்து, “பீர் முகைதீன்” என்று பெயர் சொன்னார். குரலில் ஒரு தயக்கமும் இல்லை. மியோஓக் சீட்டை எடுத்தார். அப்போது சின்னத்தம்பி எழுந்தார்.

“ஆட்சேபணை. பீர் முகைதீன் மவுத்தாகி ஒம்பது வருசமாச்சு. இவரு அவரு மகன். இது ஆள்மாறாட்டம்.”

மீரா முகைதீனுக்குக் கோபம்கூட வரவில்லை, வேடிக்கையாகத்தான் இருந்தது. “என்ன பேச்சு இது? வாப்பா கடையை நாந்தானே பாக்குறேன். வரி நாந்தானே கட்டுறேன். வோட்டு மட்டும் யாரு வந்து போடுவாக?” என்று சிரித்தார். வாசலில் நின்ற போலீஸ்காரன் உள்ளே இரண்டடி வைத்தான்.

வெளியே நின்ற மச்சானை மியோஓக் ‘சேயா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டார். “சேயா, இவரை உங்களுக்குத் தெரியுமா? ஜாபிதாவில் உள்ள ஆள் இவர்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், சீட்டைக் கொடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் இவரைப் போலீஸாரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்” என்று பர்மியில் சொன்னார்.

மச்சானுக்கு அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் விளங்கியது. முகம் வெளுத்துப்போனது. என்னைப் பார்த்தார். “தெரியாம செஞ்சதுன்னு சொல்லிப் பாக்கலாம், மாப்பிள்ளை” என்றார் மெதுவாக.

“கேப்பாங்களா? எழுதுங்க மச்சான். நம்மளை நம்பி வந்த மனுஷன். உள்ளே தள்ளிடுவாங்க” என்றேன்.

அவர் இன்னும் நின்றார். மீரா முகைதீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு வக்கீல் ஐயா ஏன் இவ்வளவு யோசிக்கிறார் என்ற ஆச்சரியம் அந்தப் பார்வையில் இருந்தது. மச்சான் பேனாவை எடுத்தார். இவர் பீர் முகைதீன் என்பதை நான் நேரில் அறிவேன் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார்.

“தேர்தல்ல நிக்கிற அபேட்சகரே சொல்லிட்டாரு. பெறகு எனக்கென்ன” என்று சின்னத்தம்பி உட்கார்ந்துவிட்டார். அன்று பொழுது சாயும்வரை அவர் வாயைத் திறக்கவே இல்லை. மற்ற முப்பது கடைக்காரர்களும் செத்துப்போன வாப்பாமார் பெயரைச் சொல்லி நிம்மதியாக வோட்டுப் போட்டுப் போனார்கள். நாம் போட்ட போட்டில் பயந்துவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு முட்டாள் ரங்கூனில் கிடையாது.

இருபத்தெட்டு வோட்டு வித்தியாசத்தில் மச்சான் ஜெயித்தார். சுதேசிக் கட்சி ஆள் தோற்றான், வர்த்தகர் கட்சி ஆள் மூன்றாவதாக வந்தான். மீரா முகைதீன் தெரு முழுக்க சர்பத் கொடுத்தார். மச்சான் வீட்டுக்கு வந்து, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்.

மசோதா சபைக்கு வர ஒரு வாரம் இருக்கும்போது சின்னத்தம்பி வீட்டுக்கு வந்தார். அக்காள் கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

“நீங்க அந்த மசோதாவை எதிர்த்துப் பேசவேண்டாம், வக்கீலே. கையும் தூக்கவேண்டாம். பேசாம உக்காந்திருந்தாப் போதும். எங்க ஆளுங்களுக்கு சர்க்கார்கிட்ட வேற ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கு.”

“நான் நின்னதே அதுக்குத்தான்” என்றார் மச்சான்.

“தெரியும். எங்க பக்கத்துல செத்தவங்க நாப்பது பேரு. சுதேசிக்காரங்க பக்கத்துல அம்பது பேரு. அவங்களை நாங்க கேக்கமாட்டோம், எங்களை அவங்க கேக்கமாட்டாங்க. வருஷக்கணக்கா அப்படித்தான். நீங்கதான் தனி ஆளாச்சே, உங்களோட எப்படிப் பேசிக்கிறது? அதான் ஒரே ஒரு ஆட்சேபணை சொன்னேன். எங்க ஆளு எப்படியும் தோக்கப்போறாருன்னு அன்னைக்கே தெரியும். சுதேசிக்காரன் ஜெயிக்கிறதைவிட, எழுதிக் கொடுத்து மாட்டிக்கிட்ட நீங்க ஜெயிக்கிறது எங்களுக்கு நல்லது. காயல் ஜமாஅத்துலேருந்து பீர் முகைதீனோட மவுத்துக் கடுதாசி வரவழைச்சு வச்சிருக்கேன்.”

அவர் போனபிறகு மச்சான் அந்தக் காலி டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார்: “என் வக்கீல் சன்னது போனாப் போகட்டும். ஆனா அந்தக் கடுதாசி வெளியே வந்தா மரைக்காயருக்கு ஜெயில். காயல்ல பொறந்த மனுஷன், மசோதா நிறைவேறிட்டா ஜெயிலுக்கப்புறம் கப்பலும். நான் வாயைத் திறக்கலேன்னா அவரைக் கப்பலேத்துற சட்டத்துக்கு நானே வழி விடுறேன். திறந்தா அவர் ஜெயிலுக்குப் போறாரு.”

“அவருகிட்டயே சொல்லிடலாமே” என்றேன்.

“சொன்னா இன்னைக்கே போலீஸ் டேஷனுக்குப் போய் நாந்தான் செஞ்சேன்னு நிப்பாரு. அந்த ஆளை உனக்குத் தெரியாதா?”

தெரியும். அதனால் இரண்டாவது தடவையும் நான்தான் சொன்னேன்: “பேசாம இருந்துடுங்க மச்சான்.”

அவர் பேசாமல் இருந்தார். மசோதா எடுத்த அன்று பார்வையாளர் பெஞ்சில் நானும் மீரா முகைதீனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஐயா எப்போ எழுந்திரிப்பாக என்று அவர் மூன்று தடவை கேட்டார். நான் மூன்று தடவையும் இதோ என்றேன். கை தூக்கச் சொன்னபோது மச்சான் இரண்டு கையையும் மேஜைக்கடியில் வைத்திருந்தார். மசோதா நிறைவேறியது. மீரா முகைதீன் எழுந்து போனார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். அப்பறம் சபை வாசல்ல அந்தச் சின்னத்தம்பி ஒங்க தோள்ல கைபோட்டுப் பேசுனதைப் பாத்தேன். வெளங்கிடுச்சு” என்றார். குரலை உயர்த்தவில்லை. “தப்பு எம்மேலதான். வாப்பா பேருல ஒரு வோட்டைப் போட்டு அவுக பேரையும் கெடுத்துட்டேன். இன்னிக்கே முனிசிபல் ஆபீசுக்குப் போறேன். வாப்பா மவுத்தான தேதியை எழுதிக் கொடுத்து ரசீதை எம் பேருக்கு மாத்துறேன். ஜாபிதாவுலயும் எம் பேரு ஏறட்டும். சட்டப்படி செய்யணும்னு நீங்கதானே சொல்லுவீக. அடுத்த தடவை எஞ்சொந்தப் பேருல ஒங்களுக்கு எதிரா வோட்டுப் போடணும்.”

அந்தத் தேதியை எழுதிக் கொடுத்தால் மரைக்காயர் தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்ட மாதிரி. மச்சான் துள்ளி எழுந்தார். அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. வாசல்வரை போய் மீரா முகைதீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் மரைக்காயரே. மாத்தாதீங்க. அந்தத் தேதியை எங்கயும் எழுதிக் கொடுக்காதீங்க. ஒங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், வாப்பா பேரு அப்படியே இருக்கட்டும்.”

மீரா முகைதீன் கையை விடுவித்துக்கொண்டார். மச்சானை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண்ணில் ஈரம் இருந்தது.

“அப்ப இனிமேயும் மவுத்தானவுக வோட்டுத்தான் ஒங்களுக்கு வேணும்” என்றார்.

மச்சான் ஆமாம் என்று தலையை ஆட்டினார். மீரா முகைதீன் படியிறங்கிப் போனார். அவர் எந்தப் பக்கம் போகிறார், கடைக்கா முனிசிபல் ஆபீசுக்கா என்று பார்க்க நாங்கள் இரண்டு பேரும் தெருமுனைவரை ஓடினோம்.