பெயர் வைக்காத பாயிண்ட்

"அழிக்காத கண்ணு. அப்டியே குடு. இருவத்தஞ்சு ரூபா வாங்கிக்க" என்றார் தண்டபாணி.

இருபத்தைந்தாயிரத்தைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார். காசிமேட்டில் சொந்தமாக இரண்டு மீன்பிடிப் போட்டு வைத்திருப்பவர்கள் ஆயிரம் என்ற சொல்லுக்கெல்லாம் வாயை வீணாக்குவதில்லை.

பவானி மடியிலிருந்த லேப்டாப்பைக் குனிந்து பார்த்தாள். ஈ எழுத்துப் பொத்தான் எப்போதோ உதிர்ந்துவிட்டது. பேட்டரி ஒன்பது நிமிஷம் நிற்கும், பத்தாவது நிமிஷம் நின்றதாகச் சரித்திரமே இல்லை. மூடியில், சுனாமி நிவாரண அமைப்பின் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம். அந்த அமைப்பில் கணக்கெடுப்பு வேலை பார்த்தவளுக்கு, 2007-ல் அவர்கள் கடையைக் கட்டியபோது பாதி விலையில் கொடுத்துவிட்டுப் போனது. இப்போது மணலி கன்டெய்னர் யார்டில் பில்லிங் வேலை. அங்கே வேறு கம்ப்யூட்டர். இதை விற்று, அந்தப் பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்து, மீன் விற்கும் அம்மாவுக்கு ஐஸ் பெட்டி வைத்த ஒரு பழைய மொபெட் எடுக்கலாம் என்பது திட்டம். காலடிப்பேட்டை கம்ப்யூட்டர் கடை ஜாபர் எட்டாயிரம் தருவதாகச் சொன்னதையே வீட்டில் யாரும் நம்பவில்லை.

"இன்னா மாமா கீது இதுல, இவ்ளோ துட்டு குடுக்கற அளவுக்கு?"

தண்டபாணி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றிருந்தன.

"உங்க நைனா நோட்டு கீது."

அது குப்பம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். பவானியின் அப்பா சுப்புராயன் முப்பது வருஷம் படகு ஓட்டியவர். கடைசிப் பத்து வருஷம் உள்ளங்கை அளவு ஜிபிஎஸ் பெட்டியோடு ஓட்டியவர். மீன் கிடைக்கும் இடத்தில் பொத்தானை அழுத்தினால் அது எண்களாக விழும். அதுதான் பாயிண்ட். ஒரு டிரைவர் தன் சட்டையைக் கழற்றிக் கொடுப்பான், பாயிண்டைக் கொடுக்க மாட்டான். சுப்புராயன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நோட்டு உப்பில் ஊறி எழுத்துக் கரைய ஆரம்பித்ததும், பவானிதான் உட்கார்ந்து லேப்டாப்பில் அடித்து வைத்தாள். அப்புறம் நோட்டு ஒரு மழையில் கூழாகிப் போனது. ஜிபிஎஸ் பெட்டி அதற்கு முன்பே செத்துவிட்டது. கண்ணில் புரை விழுந்து கரையேறிய சுப்புராயன் இப்போது ஐஸ் கம்பெனியில் கேட் வாட்ச்மேன். முப்பது வருஷக் கடல் மிச்சமிருப்பது பவானியின் மடியில் மட்டும்.

"மத்த பாயிண்டெல்லாம் எனக்கு வாணாம்" என்றார் தண்டபாணி. குரல் தாழ்ந்தது. "ஒண்ணே ஒண்ணு. என் போட்டு முழுவிக் கெடக்குதே, அது. நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. கீழ கெடக்கறது யார் போட்டு? என்துதானே? எங்க கீதுன்னு எனக்குத் தெரியக் கூடாதா?"

பவானி லேப்டாப் மூடியைச் சாத்தினாள்.

அந்தப் போட்டில்தான் அவளுடைய அண்ணன் டில்லிபாபு இருக்கிறான். 2002 கார்த்திகைக் காற்றில், பலகை விட்டுத் தண்ணீர் ஏறியபோது, நின்றுபோன இன்ஜினைக் கிளப்பக் கீழே இறங்கியவன் மேலே வரவில்லை. டிரைவர் சுப்புராயனையும் இன்னும் இரண்டு பேரையும் வேறொரு படகு தூக்கியது. சட்டைக்குள் ஜிபிஎஸ் பெட்டியை அமுக்கிப் பிடித்தபடி கரைக்கு வந்தார் அப்பா. முழுகும் நொடியில் பொத்தானை அழுத்தியிருந்தார்.

"ஏழு வருசம் ஆச்சு" என்று எழுந்தார் தண்டபாணி. "பாசி புடிச்சு, சிப்பி ஒட்டி, இந்நேரம் அது போட்டு இல்ல, பாறை. மீனு மொய்க்கும். உங்க நைனா மூணு தபா எட்த்தாந்த களவா மீன ஏலத்துல எட்த்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

மூன்று தபாவா?

கேட்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

*

ஜாபர் கடையில் எப்போதும் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்து கிடக்கும். அன்றைக்கு இரண்டு. பவானியைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் சொருகிக்கொண்டு வெளியே வந்தான்.

"டெலிட் அடிச்சுட்டுக் கொண்டாந்துடாத பவானி. டெலிட் அடிச்சா போயிட்ச்சுன்னு எல்லாரும் நெனச்சுக்கறாங்க. அது வாசல்ல மாட்டின நம்பர் பலகைய மட்டுந்தான் கயட்டும். வூடு அப்டியே இருக்கும். தெரிஞ்சவன் உள்ள பூந்துடுவான்."

"ஃபார்மேட் பண்ணா?"

"தெருவுல எல்லா பலகையும் கயட்டின மாதிரி. அவ்ளோதான்." ஒரு சிடியை எடுத்து நீட்டினான். "இதப் போடு. எல்லா எடத்துலயும் சைபரா எழுதும், ஒண்ணு மேல ஒண்ணு, மூணு தபா. நாலு மணி நேரம் ஆவும். அதுக்கப்புறம் எங்க தாத்தா வந்தாலும் எடுக்க முடியாது."

"எதுக்கு இவ்ளோ?"

ஜாபர் கடைக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "நேத்து தண்டபாணி ஆளு வந்தான். உன் லேப்டாப்பு வந்தா, அழிச்சதத் தோண்டி எடுத்துக் குடுன்னான். முடியாதுப்பான்னு சொல்லிட்டேன். நான் ஒர்த்தன் சொல்லிட்டேன். பேசின் பிரிட்ஜாண்ட பத்து கடை கீது. அவுங்களும் சொல்லுவாங்களா?"

*

யார்டுக்கு லீவு சொல்லியிருந்த பவானி வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று. அம்மா பச்சையம்மா வியாபாரத்துக்குப் போயிருந்தாள். மீன் கூடையைப் பார்த்ததும் பஸ் கண்டக்டர் விசிலடித்துவிடுவான் என்பதால் காலையில் நடைதான். பாதி வழியில் நின்று போன் போடுவாள். அவளுடைய நோக்கியாவில் ஒரு பெயர்கூடப் பதிந்திருக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவள் பெயரைப் பதிந்து என்ன செய்ய? நாற்பது வாடிக்கை வீட்டு நம்பரும் அவள் தலைக்குள் இருந்தன. ஒருமுறை காதில் விழுந்தால் போதும். "இன்னிக்கு சங்கரா மீனு கீதும்மா, வரட்டா?" என்று வரிசையாக அடித்துக்கொண்டே போவாள். அந்த வாயில் ஏழு வருஷமாக ஒரு துண்டு மீன் போனதில்லை. மகன் போன நாளோடு சரி. விற்பாள், வெட்டுவாள், மகளுக்கும் புருஷனுக்கும் குழம்பு வைப்பாள். தனக்கு மட்டும் ஒரு கத்தரிக்காயைச் சுட்டுக்கொள்வாள்.

பவானி லேப்டாப்பைத் திறந்து, தன் சாமான்களை முதலில் அள்ளிக் குப்பையில் போட்டாள். அது சுலபமாக இருந்தது. பதினேழு பயோடேட்டா, அதில் பதினாறுக்குப் பதிலே வரவில்லை. ஸ்கேன் செய்த ரேஷன் கார்டு. தற்காலிகக் குடியிருப்பில் வரிசையில் நிற்கும் ஜனங்களின் போட்டோக்கள். அனுப்பாமலே விட்ட ஒரு கடிதம்; யாருக்கு என்பது இப்போது நினைத்தால் சிரிப்பு. வேண்டிய நாலைந்தை மட்டும் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பியிருந்தாள்.

கடைசியாக நைனாவின் பாயிண்ட் ஃபைல்.

நூற்றுப் பன்னிரண்டு வரி. நம்பர், பெயர், இரண்டு நீள எண்கள், ஆழம் ஆறடிக் கணக்கில் எத்தனை பாகம், மீன் எடுத்த தேதி. எல்லாவற்றுக்கும் அப்பா பெயர் வைத்திருந்தார். 'பச்சையம்மா கல்லு.' 'மாமியார்' - வலையைக் கிழிக்கும் இடம். 'தீவாளி.' 'இன்னாசி ஏமாந்தது.' அடித்த அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்திருந்தாள். இப்போதும் உதடு விரிந்தது. விரிந்த உதடு அறுபத்தொன்றாவது வரியில் நின்றது.

அதற்குப் பெயர் இல்லை. பெட்டி தானாகப் போட்ட எண் மட்டும். 61. இருபத்திரண்டு பாகம். பக்கத்தில் மூன்று தேதிகள்.

18-6-2003.

அவள் பி.காம். சேர்ந்த வாரம். கடைசி நாள் வரை பணம் புரளவில்லை, திடீரென்று புரண்டது.

9-9-2005. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்.

14-12-2005. மழையில் சாய்ந்த பின்சுவரை எடுத்துக் கட்டியது.

இந்த எண்களை அவளேதான் இதே விரல்களால் அடித்தாள். ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. 2003 ஜூன். தோளில் தொங்கவிட்டு அப்பா படகிலிருந்து இறக்கிய களவா. உடம்பை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டுத் தலையை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்திருந்தார். அம்மா புளி கரைத்து வைத்தாள். காலேஜ் கிடைத்த சந்தோஷத்தில், கன்னத்துச் சதையை நோண்டி, விரலை நக்கி, அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அப்பா அன்றைக்கு வயிறு சரியில்லை என்றார்.

பவானி எழுந்து பின்பக்கம் போய் முகத்தைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

*

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து அப்பா வந்தார். பின்னாலேயே காலிக் கூடையோடு அம்மா. பவானி சுற்றி வளைக்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"நைனா, அறுவத்தொண்ணு."

திரை அவருக்குப் புகைதான். ஆனால் எண் கேட்டது. தோள் துண்டை எடுத்து மடித்தார். மறுபடியும் பிரித்தார்.

"மூணு தபா" என்றார்.

"அண்ணன் மேல தூண்டி போட்டியா நீ?"

"மேல எங்கம்மா... பக்கத்துல. கொஞ்சம் தள்ளி. நங்கூரம் போடல. இன்ஜின ஆஃப் பண்ணல." எதற்கோ சாட்சி சொல்வதுபோல ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு அடுக்குவதை நிறுத்திவிட்டார். "வேற எங்கயும் கெடைக்கல பவானி. நாலு நாளு சுத்தினேன். நாளைக்கு உனுக்கு பணம் கட்டணும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் பச்சையம்மா.

கூடையைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "உங்கண்ணன் போன தண்ணில நம்ம ஆளு எவனும் தூண்டி போடல. அவ்ளோ பெரிய களவா வேற எங்கருந்து வரும்? தலைய கைல வாங்கினப்பவே தெரிஞ்சிட்ச்சு."

"தெரிஞ்சுமா கொயம்பு வெச்சே?"

அம்மா இப்போது திரும்பினாள். கண் கலங்கியிருக்கும் என்று பவானி எதிர்பார்த்தாள். அந்த முகத்தில் சந்தையில் விலை பேசும் கறார்தான் இருந்தது.

"தங்கச்சி படிக்கறதுக்கு அண்ணங்காரன் குடுத்தான். அப்டிதான் நெனச்சேன். சம்பாரிச்சுக் குடுக்கற வயசுல போனவன்தானே அவன். குடுக்கட்டும். நீயும் சாப்டே."

தெருவில் ஒரு லாரி ஏர் பிரேக் விட்டது.

பவானி சிடியை எடுத்தாள். "தண்டபாணி மாமா இருவத்தஞ்சு தர்றேன்றாரு. ஜாபர் எட்டு. நான் அழிக்கப் போறேன். அந்த நம்பர மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கலாம். நம்ம வூட்டோட இருக்கட்டும்."

"வாணாம்" என்றார் அப்பா.

"நம்ம கைல இருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"எழுதி வெச்சா நான் போவேன்மா. கண்ணு தெரியலன்னா எவனையாச்சும் இட்டுக்கினு போவேன். நாளைக்கு உன் கல்யாணம்னு ஒண்ணு வரும். இவளுக்கு வண்டின்னு வரும். ஒவ்வொரு தபாவும் ஒரு நாயம் வந்து நிக்கும்." துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். "தண்டபாணிக்கு பயந்துக்கினு சொல்லல. எனக்கு பயந்துக்கினு சொல்றேன். அழிச்சுடு."

"நீ மனப்பாடமா வெச்சிருக்கியா நைனா?"

"இல்ல" என்றார். உடனே, அவசரமாக, "சத்தியமா இல்ல" என்றார்.

பவானி சிடியை உள்ளே தள்ளப்போனாள்.

"இரு" என்றாள் அம்மா. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள். இத்தனை வருஷத்தில் அந்த லேப்டாப் அருகில் அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. "எந்தப் பக்கம் கீது?"

பவானி யோசித்து, வாசலுக்கு வந்து, எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்குச் சற்று வலப்புறமாகக் கையை நீட்டினாள். "அந்தப் பக்கம். பதினோரு மைலு." அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். அங்கிருந்து லாரிகளும் கருங்கல் தடுப்பும்தான் தெரியும். ஆனாலும் பார்த்தாள்.

"நம்பர ஒரு தபா படி. காதால கேட்டுக்கறேன்."

பவானி படித்தாள். நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "பதிமூணு. பதினேழு. நானூத்தி ரெண்டு. எண்பது. முப்பத்தொண்ணு. எண்ணூத்தி அறுவத்தாறு."

"சரி. போடு" என்றாள் அம்மா.

ஜாபர் சொன்ன நாலு மணி நேரம் ஐந்தாக இழுத்தது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு நத்தைபோல நகர்ந்தது. கரண்ட் போகக் கூடாதே என்று பவானி மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டீ குடிக்கப் போனவர் அது முடியும்வரை திரும்பி வரவில்லை. அம்மா கத்தரிக்காய் சுட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பவானிக்கு யார்டு லீவு. அம்மாவோடு மார்க்கெட்டில் உட்கார்ந்து, செதில் எடுத்த மீனைக் கவரில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜாபர் கொடுத்த எட்டாயிரம் மொபெட்காரனிடம் போய்விட்டது. மீதியைக் கொடுத்தால்தான் வண்டி வரும்.

வெள்ளைச் சட்டையில் தண்டபாணி வந்து நின்றார். கோபமாக இருப்பார் என்று நினைத்தாள். களைத்துப்போய் இருந்தார்.

"அழிச்சிட்டியாமே?"

"ஆமா மாமா."

"சுப்புவக் கேட்டேன். மறந்துட்டேன்றான்." தலையை ஆட்டினார். "லோன் போட்டு எறக்கின போட்டு. பேரு பெய்ன்டு காயறதுக்குள்ள போயிட்ச்சு. எங்கயோ கெடக்குதுன்னாவது இருந்துச்சு. இப்ப இன்னொரு தபா முழுவிட்ச்சு."

பவானி உதவிக்கு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா தலை நிமிரவில்லை. ஒரு பெரிய பாறை மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு கத்தியால் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. வாடிக்கைக்காரர் யாருக்கோ போன் போடப் போகிறாள் என்றுதான் பவானி முதலில் நினைத்தாள். காதை அருகில் கொண்டுபோனாள்.

"...நானூத்தி ரெண்டு. எண்பது..."

பவானியின் கையிலிருந்த கவர் நழுவியது.

"இன்னா பச்சையம்மா, மந்திரம் சொல்லிக்கினு கீறியா?" என்று குனிந்தார் தண்டபாணி.

உதடு நின்றது. "மந்திரமும் இல்ல ஒண்ணும் இல்ல. நிக்கறியே, மீனு வேணுமா வாணாமா? வஞ்சிரம் கீது."

"வாணாம்மா" என்று நிமிர்ந்து நடந்தார். அவர் சட்டை முழுக்கச் செதில் தெறித்திருந்தது. வெயிலில் பத்துப் பன்னிரண்டு சின்ன வெள்ளிக் காசுகள் கூட்டத்துக்குள் மினுங்கியபடி போவதைப் பவானி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பக்கத்தில் கத்தி மறுபடியும் சுரண்ட ஆரம்பித்தது. ஒரு இழுப்பு, ஒரு எண். முப்பத்தொண்ணு. எண்ணூத்தி அறுவத்தாறு. அதோடு நிறுத்தி, அம்மா மீனைப் புரட்டிப் போட்டு, பதிமூணிலிருந்து தொடங்கினாள்.