வடக்கே தலை வைக்காத தொட்டி

அந்த ஏழு வாரமும் செங்கல்வராயனின் சட்டைப்பையில் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று இஞ்ச் டேப். இன்னொன்று வேலை செய்யும் இடத்தில் சர்வே பிரிவில் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கிய திசைகாட்டி. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் குளியல் தொட்டி வாங்க அலைந்தான் என்றால் யார் நம்புவார்கள்? யாரும் நம்ப வேண்டாமென்றுதான் அவனும் திசைகாட்டியை வெளியே காட்டாமல் வைத்திருந்தான்.

எல்லாம் அவன் மனைவி வச்சலாவின் காலுக்காக. எழுபத்து நாலாம் வருஷம் ஆவணியில், திருக்கழுக்குன்றத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தவள், இடுப்பும் தலையும் அடிபட்டு இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. எலும்பு ஒருவழியாகக் கூடிவிட்டது. வலது கால் மட்டும் கட்டையாக விறைத்துக்கொண்டது. செங்கல்பட்டு டாக்டர் ஏசுதாஸ் கறாராகச் சொல்லிவிட்டார். “தினம் அரை மணி நேரம் இடுப்பளவு வெந்நீர்ல இருந்து காலை மடக்கி நீட்டணும். வீட்லயே ஒரு தொட்டி போட்டுக்குங்க. பொங்கலுக்குள்ள ஆரம்பிக்கலேன்னா கால் இப்படியே நின்னுடும், அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது.”

அப்போது கார்த்திகை பிறந்திருந்தது. செங்கல்வராயன் மறுநாளே கிளம்பினான். செங்கல்பட்டில் ஒரு காயலான் கடையில் பழைய துரை பங்களாத் தொட்டி ஒன்று கிடந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று பீங்கான் பூச்சு, கீழே நாலு சிங்கக் கால். டேப்பை எடுத்து அளந்தான், தன் சதுரங்கப்பட்டினத்து வீட்டுக் குளியலறைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வாங்கிவிட வேண்டியதுதான் என்று நினைத்தபோதுதான் அது அவன் மூளையில் தட்டியது.

குளியலறை தெற்கு வடக்காக நீண்டது. தண்ணீர் வெளியே போகும் ஜலதாரை தெற்குச் சுவரில். தொட்டியின் ஓட்டையோ கால்மாட்டில். ஓட்டை ஜலதாரைப் பக்கம் இருக்கவேண்டுமானால் கால் தெற்கே, தலை வடக்கே. வச்சலா தினம் அரை மணி நேரம் வடக்கே தலை வைத்துப் படுத்துக் கிடக்க வேண்டும்.

கல்பாக்கத்தில் அணுவைப் பிளக்கப் பெரிய பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் அவன் ஸ்டோர் கீப்பர். இந்தக் கவலையை அங்கே ஒருவனிடம் சொன்னால் அடுத்த நாள் கேன்டீனே சிரிக்கும். ஆனால் அவன் ஆஸ்பத்திரியில் கண்டது அவனுக்குத்தானே தெரியும்? வச்சலா நினைவில்லாமல் கிடந்த இரண்டாம் நாள்தான் கட்டில் வடக்கே தலை வைத்துப் போட்டிருப்பதைக் கவனித்தான். நர்ஸ் திட்டத் திட்டத் தலையணையை மாற்றி, அவளைத் திருப்பிப் போட்டான். மூன்றாம் நாள் கண் திறந்தாள். மருந்தில் திறந்தாளா, திசையில் திறந்தாளா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் அவனைப் பிடித்து ஆட்டியது.

“துரு புடிச்சிருக்குது,” என்று கடைக்காரனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டான். வச்சலாவிடமும் அதையே சொன்னான்.

மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை பங்களாவில் நீலத் தொட்டியை விற்பதாகக் கேள்விப்பட்டு ஓடினான். அதற்கும் கால்மாட்டில்தான் ஓட்டை. “கலரு சரியில்ல,” என்றான் வீட்டிலும். கல்தச்சன் தணிகைவேலிடம் போய்க் கருங்கல்லில் தொட்டி அடித்துத் தர முடியுமா என்று கேட்டான்.

“அடிக்கலாம் அண்ணாத்த. சித்திர ஆவும். ஆமா, ஓட்டைய இன்னாத்துக்குத் தலமாட்டுல கேக்கற?”

செங்கல்வராயனுக்கு முகம் சுண்டிப்போனது. திரும்பிப் போய் பஸ் ஏறினான்.

கொத்தனாரைக் கூப்பிட்டு யோசனை கேட்டிருந்தால் ஒரு குழாய் போட்டு ஒரே நாளில் தீர்த்திருப்பார். காரணத்தைச் சொல்ல வேண்டுமே! அதற்கு வெட்கப்பட்டே மனிதன் ஊர் ஊராகச் சுற்றினான். ஞாயிற்றுக்கிழமை உட்காரமாட்டான், சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய்க் குளியலறையை அளப்பான். ஒவ்வொரு தடவையும் வடக்கு அதே இடத்தில்தான் இருந்தது.

“கெடைச்சிதா?” என்று வச்சலா கேட்பாள். முதலில் தினமும் கேட்டாள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை. மார்கழி பிறந்ததும் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அவள் கோபித்துக்கொண்டிருக்கிறாளா என்று யோசிக்கக்கூட அவனுக்கு நேரமில்லை.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கூடுவாஞ்சேரியில் இடிக்கிற பங்களா ஒன்றில் அது கிடைத்தது. தண்ணீர் போகும் ஓட்டை நட்டநடுவில்! எந்தப் பக்கமும் தலை வைக்கலாம். அவனுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அரை நாள் லீவு போட்டு, தொட்டியை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, மூன்று மணிக்கு வீட்டு வாசலில் வந்து இறங்கினான்.

வீடு பூட்டியிருந்தது. கைத்தடி ஊன்றி வாசல்வரை வரவே திணறுகிறவள் எங்கே போயிருப்பாள்? கொல்லைப்பக்கம் ஓடினான். பின் சந்துக்கு அந்தப் பக்கம், மீன் விற்கும் ஆதியம்மாள் வீட்டு ஓலைத் தட்டிக்குள்ளிருந்து வச்சலாவின் சிரிப்புச் சத்தம் வந்தது. அவள் சிரித்துக் கேட்டு மாதக் கணக்காகிவிட்டது.

தட்டியை விலக்கினான். அந்த வீட்டில் முன்பு நூல் வலைக்குச் சாயம் காய்ச்சிய பெரிய அண்டா. நைலான் வலை வந்தபின் சும்மா கிடந்தது. அதற்குள் பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு வெந்நீரில் வச்சலா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆதியம்மாள் தவலையோடு நின்றாள்.

“இன்னா நைனா, பேயறஞ்ச மாதிரி நின்னுகினு கீற?” என்றாள் ஆதியம்மாள். “இது இன்னிக்கு நேத்தா நடக்குது? இருவது நாளா வந்துகினு கீது உம் பொண்டாட்டி. நீ தொட்டி வாங்குவ வாங்குவன்னு பாத்து அதுக்குக் கண்ணு பூத்துப்போச்சி.”

“தொட்டி வந்துடுச்சி வச்சலா,” என்றான் அவசரமாக. “வாசல்ல கீது. நல்ல தொட்டி.”

“ஏழு வாரமா இன்னா தொந்தரவு அதுல?” அவள் குரல் உயரவில்லை. “துருன்னீங்க, கலருன்னீங்க. என் காலு இனிமே தேறாதுன்னு நீங்க கைகழுவிட்டீங்கன்னு நெனச்சேன். எத்தினி நாளு அழுதேன் தெரியுமா?”

அதற்கு மேல் மறைக்க அவனால் முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில், ஜலதாரை, வடக்கு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது கேவலமாக இருந்தது. “அதுல படுத்தா தல வடக்கால வரும் வச்சலா. மறுபடியும் உனக்கு ஏதானா ஆயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?”

ஆதியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வச்சலா சிரிக்கவில்லை.

“டாக்டர் படுக்கவா சொன்னாரு? உக்காந்து காலை மடக்கச் சொன்னாரு. சினிமால ஒருத்தி நுரைக்குள்ள படுத்துகினு இருந்தா, நானும் அப்படிப் படுப்பேன்னு நெனச்சீங்களா?” அவள் கண் நிறைந்துவிட்டது. “நீங்க என்னப் படுக்க வைக்கவே திசை பாத்துகினு இருந்தீங்க. நான் எழுந்து நடக்கப் பாத்துகினு இருந்தேன்.”

அவன் அவள்மேல் வைத்த ஆசை பொய்யில்லை. அந்த ஆசையை வைத்துக்கொண்டு அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஊரெல்லாம் சுற்றியதும் பொய்யில்லை.

“எழுந்துக்கறேன்க்கா,” என்றாள் வச்சலா.

அவன் பாய்ந்து போய்க் கையை நீட்டினான். வச்சலா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு ஆதியம்மாளின் தோளைப் பிடித்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வலது முட்டியை மடக்கி, அண்டா விளிம்புக்கு மேலே காலைத் தூக்கி வெளியே மண்ணில் வைத்தாள்.